ஏட்டுப் பூட்டும் கடவுச்சொல்லும்

பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் நெடுங்காலம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் ஓய்வு நாள்களில் அரிதின் முயன்று தொகுத்த நூல் ஒன்று உண்டு. இன்ன தோட்டத்தில் இன்ன ஆண்டில் பள்ளி தொடங்கியது, முதலில் ஆயாக் கொட்டகையில் நடந்தது, பின்னர்த் தனிக் கட்டடம் எழுந்தது, அங்கே கற்பித்தவர் யார், பெரட்டுக்களத்தில் நின்ற பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்து வந்தவர் யார், நெருக்கடிக்காலத்தில் லயங்களை முள்வேலிக்குள் மாற்றியபோது பள்ளி என்னவாயிற்று என்னும் செய்திகளெல்லாம் அதில் அடங்கும். பெரும்பாலும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதியவை. அத்தோட்டங்களுள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. செய்தி சொன்ன முதியோரும் இன்று இல்லை.

அவர் தம் நூலைக் கணினியில் தாமே தட்டெழுதி, பி.டி.எஃப். கோப்பாக்கி, கடவுச்சொல் ஒன்றால் பூட்டி வைத்திருந்தார். பூட்டியதற்குக் காரணம் இருந்தது. முன்னொரு முறை அவர் நம்பிக் கொடுத்த பகுதியொன்று வேறொருவர் பெயரால் மலரொன்றில் அச்சாகிவிட்டது. அன்றுமுதல் தாம் எழுதிய எதனையும் பூட்டாமல் வைப்பதில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். அவர் மறைந்தபின் அவருடைய மகள் குறுவட்டு ஒன்றை ஈப்போவில் என் வீட்டிற்குக் கொண்டுவந்தார். “ஐயா, அப்பா இதை உங்ககிட்டக் காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சொல்லை மட்டும் யாருகிட்டயும் சொல்லல” என்றார். குறுவட்டு என் மேசைமேல் பல மாதம் கிடந்தது. அக்காலத்தில்தான் நூலைப் பூட்டும் வழக்கத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

சொல்லை மறைக்கும் கலை நமக்குப் புதிதன்று. நன்னூல் பயிற்றும் ஆசிரியர் எல்லாரும் குழூஉக்குறியை அறிவர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் வகுப்பறையில் பன்முறை சொன்ன உதாரணங்களே. வடமொழிக் காமசூத்திரம் கூறும் அறுபத்துநான்கு கலைகளுள் மறைமொழி எழுதுவதும் ஒன்று. அதன் உரையில் மூலதேவன் பெயரால் ஒரு முறை சொல்லப்படுகிறது: எழுத்துகளை இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டு, ஒன்று வருமிடத்தில் அதன் இணையை எழுதுவது. மறைப்பதற்கும் மீட்பதற்கும் அங்கே வழி ஒன்றே. இம்மூலதேவனைப் பின்னர் ஒருமுறை எதிர்பாராத இடத்தில் சந்திக்கப் போகிறோம். வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

மறைமொழி வேறு, இலச்சினை வேறு. சிலப்பதிகாரத்தில் மாதவி கோசிகன் கையில் கொடுத்தனுப்பிய ஓலை மண் இலச்சினை இடப்பெற்றது. இலச்சினை ஓலையைத் திறக்கவிடாமல் தடுப்பதன்று; இடையில் யாரேனும் திறந்தனரா என்று காட்டுவது, அவ்வளவே. கோசிகன் திறக்காமல் கொண்டுசென்றான் என்றால் அது மண்ணின் வலிமையன்று, அவன் நேர்மை. இவ்வேறுபாடும் பின்னர்ப் பயன்படும்.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் நூலுக்குப் பூட்டில்லை. காவலாக இருந்தது படியெடுக்கும் உழைப்பு ஒன்றே. ஒரு காவியத்தைப் படியெடுக்கத் திங்கள் கணக்கில் ஆகும். ஆனால் ஓலை அழியும் பொருளாதலின், படியெடாத நூல் இறந்துபட்டது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார், அவ்வாண்டிலேயே சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். யாரோ முகமறியாத எழுத்தாளர் பலர் தலைமுறைதோறும் இவற்றைப் பெயர்த்தெழுதியதனால்தான் அவர்கள் கைக்கு ஏடு கிட்டியது. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை, படியெடுத்தவன் திருடனாக அல்லாமல் காவலனாக இருந்த காலமே நெடியது.

அச்சு வந்தபின் நிலை மாறியது. படியெடுத்தல் எளிதாயிற்று, எளிதானவுடன் அதனைத் தடுக்கும் சட்டமும் வேண்டியதாயிற்று. தமிழில் இதற்குப் பெயர்போன வழக்கு பாரதியாருடையது. 1921இல் அவர் மறைந்தபின் அவருடைய பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறி, ஒலிபரப்புக்கும் இசைத்தட்டுக்கும் உரிய பகுதி திரைப்படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. நாட்டுக்கு உரிய பாடல்கள் தனியார் கையிலிருப்பதா என்று எழுத்தாளர் கிளர்ச்சி செய்யவே, சென்னை அரசு 1949இல் உரிமையைத் தன்பால் கொண்டது. 1955இல் பாரதியின் ஆக்கங்கள் பொதுவுடைமை ஆயின. மலாயாத் தோட்டப் பள்ளிகளில் அப்பாடல்களைப் பாடிய பிள்ளைகள் இவ்வழக்கு எதனையும் அறியார். கரும்பலகையில் எழுதி, சிலேட்டில் பெயர்த்துப் பாடினர். உரிமை யாரிடம் இருந்தாலும் நூலுக்குப் பூட்டு இல்லாத காலம் அது.

பூட்டு கணினியோடு வந்தது. பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்த 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் தரப்பட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் எல்லாம் இருந்த கோப்பையே அச்சிட்டுத் தருமாறு கணினிக்குக் கட்டளை கொடுத்தார். அதுவும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! கடவுச்சொல்லுக்கு அகவை ஓரிரண்டு ஆகுமுன்பே அதன் திருட்டும் பிறந்துவிட்டது.

1979இல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்னும் இருவர் பயனர் தாமே தேர்ந்த 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்து, அவற்றுள் 2,831 எளிதில் ஊகிக்கத் தக்கவை என்று கண்டனர். மக்கள் பெயரையும் அகராதிச் சொல்லையும் சிற்சில எழுத்துகளையுமே வைத்திருந்தனர். ஊகிப்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. முதலில் அகராதி, பிறகு பெயர், பிறகு பிறந்த நாள், அதன்பின் எழுத்துகளின் எல்லாச் சேர்க்கையும் என்று வரிசையாகச் சோதிப்பதே. ஆங்கிலச் சிற்றெழுத்து எட்டினால் ஆகிய சொற்கள் மொத்தம் ஏறத்தாழ 20,883 கோடி. மலைப்பாகத் தோன்றும், நொடிக்கு ஒரு கோடி வீதம் சோதிக்கும் பொறிக்கு ஆறு மணி நேரத்து வேலை. நம் தமிழாசிரியர்கள் 1330ஐயும் 247ஐயும் கடவுச்சொல்லில் சேர்க்கும் வழக்கத்தைக் கைவிடுவது நன்று. என் நண்பரின் கோப்புக்கு முதலில் நாங்கள் சோதித்தவை அவ்வெண்களே. அவர் எங்களினும் கூர்மையானவர், அவை பொருந்தவில்லை.

மின்னூல் பூட்டின் இயல்பை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி 2001இல் நடந்தது. மாஸ்கோவைச் சேர்ந்த திமித்ரி ஸ்க்லியாரோவ், எல்காம்சாஃப்ட் என்னும் உருசிய நிறுவனத்தில் பணியாற்றிய இளைஞர். அடோபி நிறுவனத்தின் மின்னூல்களிலுள்ள பூட்டை நீக்கிச் சாதாரணக் கோப்பாக்கும் மென்பொருளை எழுதியவர். நிறுவனம் அதனை 99 டாலருக்கு விற்றது. அவ்வாண்டு சூலையில் அமெரிக்காவின் லாஸ் வேகாசில் நடந்த மாநாட்டில் மின்னூல் பாதுகாப்பின் குறைகளைப் பற்றி அவர் உரையாற்றினார். மறுநாள், சூலை 16ஆம் நாள், ஊர் திரும்பப் புறப்பட்டபோது கைது செய்யப்பட்டார். பூட்டை உடைக்கும் கருவியை விற்பது 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஆனால் அவர் கருவியை எழுதியதோ உருசியாவில். அங்கே அது குற்றமன்று. ஊரெங்கும் கண்டனம் எழவே, முறையிட்ட அடோபியே ஒரு வாரத்தில் அவரை விடுவிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டது. ஆகஸ்டில் பிணையில் வெளிவந்தார். திசம்பரில் ஊர் திரும்ப இசைவு கிடைத்தது. 2002 திசம்பரில் சான் ஓசே நீதிமன்றத்தில் நடுவர் குழு எல்காம்சாஃப்ட் நிறுவனமும் குற்றமற்றது என்று தீர்ப்பளித்தது.

வழக்கைவிட அவ்வுரையில் வெளிப்பட்ட உண்மைகளே நமக்கு முதன்மையானவை. மின்னூல்களைப் பூட்டும் துணைமென்பொருள்கள் சில அந்நாளில் விலைக்கு விற்கப்பட்டன. அவற்றுள் ஒன்று செய்த மறைப்பு என்ன தெரியுமா? ஆங்கில எழுத்து இருபத்தாறையும் பதின்மூன்று பதின்மூன்றாக இணைத்து, ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றி எழுதுவதை ஒத்தது. அஃதாவது, நம் மூலதேவன் முறையே. இன்னொன்று எல்லா நூலுக்கும் ஒரே திறவுகோலை வைத்து, அத்திறவுகோலையும் தன் மென்பொருளுக்குள்ளேயே ஒளித்து விற்றது.

பி.டி.எஃப். கோப்புக்குக் கடவுச்சொல் இருவகை. ஒன்று திறப்பதற்கு, இது மெய்யாகவே பூட்டு. மற்றொன்று, திறந்தபின் அச்சிடாதே, படியெடாதே என்று கட்டுப்படுத்துவதற்கு. இரண்டாவது பூட்டே அன்று. கோசிகன் ஓலையின் மண் இலச்சினை போன்றது. படிக்கும் மென்பொருள் நேர்மையாக இருந்தால் அது நிற்கும், இல்லையேல் நில்லாது.

இக்குறை யாரோ ஒரு பொறியாளரின் அயர்ச்சியால் விளைந்ததன்று. தந்தியிலோ போர்க்கால மறைமொழியிலோ மூவர் இருப்பர்: அனுப்புவோன், பெறுவோன், இடையில் ஒற்றுக் கேட்கும் பகைவன். முன்னிருவரிடம் திறவுகோல் இருக்கும்; பகைவனிடம் இராது. மின்னூலிலோ இருவரே. பெறுவோனாகிய வாசகனையே பகைவனாகவும் கருதிப் பூட்ட வேண்டியிருக்கிறது. அவன் படிக்க வேண்டுமாயின் திறவுகோலை அவன் வீட்டுக் கணினிக்கே அனுப்பியாக வேண்டும். அனுப்பியதை எங்கேனும் ஒளித்துவைக்கலாமேயன்றி இல்லாமற் செய்ய இயலாது. ஆதலின், கணக்கியல் காக்க முடியாத இடத்தில் சட்டம் காவலுக்கு வந்து நின்றது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டு, தொழில்நுட்பப் பூட்டுகளை மீறுவது தடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே இந்தியச் சட்டத்திலும் அத்தகைய பிரிவு புகுந்தது. எனினும் உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைப்பவரையே அது குற்றவாளி என்கிறது. இந்திய வரையறையே நேரியது என்பது என் கருத்து.

பூட்டியவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளர் பலர் கைப்பணம் போட்டு அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்றுத்தான் முதலைத் திரும்பப் பார்க்கிறார்கள். அந்நூலை ஒருவர் படமெடுத்துப் புலனக் குழுவில் பரப்பினால் அடுத்த நூல் வருவதில்லை. என் நண்பர் பட்ட வருத்தமும் கற்பனையன்று. ஆயினும் அன்று அவருக்குத் தீங்கு செய்தவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அவரே கொடுத்த தாளைப் பார்த்துத்தான் அச்சிட்டார்.

பூட்டு காக்கத் தவறும் இடம் ஒன்று; காக்கக் கூடாததைக் காக்கும் இடங்கள் வேறு. உரிமைக்காலம் என்றோ முடிந்த ‘ஆலிசின் அற்புத உலகம்’ மின்னூலாக வந்தபோது, இந்நூலை உரக்கப் படிக்கலாகாது என்ற குறிப்பும் உடன் வந்தது. கணினி வாசித்துக் காட்டும் வசதியைத்தான் அது குறித்தது என்று பின்னர் விளக்கினர். பார்வையற்ற வாசகருக்கு அவ்வசதிதானே கண்! அன்னார்க்காக 2013இல் மராக்கேசு உடன்படிக்கை உருவாயிற்று. 2014இல் இந்தியாவே முதலில் ஏற்புறுதி செய்தது. மலேசியா 2022இல் சேர்ந்தது. 2009இல் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் காரணமாக, தான் விற்ற ஆர்வெல் நூல்களை வாங்கியோர் கருவிகளிலிருந்தே நீக்கியது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது அங்கு வாங்கிய நூல்கள் திறவாமற் போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், நூல் போனது போனதே.

இனி நண்பரின் குறுவட்டுக்கு வருவோம். ஈப்போவில் கணினித் துறையில் பணிபுரியும், எனக்கு மருமகன் முறையாகும் தம்பி ஒருவன் அதனை வாங்கிப் பார்த்தான். பார்த்தவுடன், “மாமா, இது பழைய பூட்டு, பயப்படாதீங்க” என்றான். 2001க்கு முன் வழங்கிய பி.டி.எஃப். மறைப்பில் திறவுகோலின் நீளம் 40 பிட். கடவுச்சொல் எத்துணைக் கடினமாயினும் அது இறுதியில் இந்தச் சிறு திறவுகோலாகச் சுருங்கிவிடும். எல்லாத் திறவுகோல்களும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கோடி. நொடிக்கு ஒரு கோடி வீதம் சோதித்தால் முப்பது மணி நேரத்தில் அனைத்தும் முடியும். சொல்லைத் தேடவே வேண்டுவதில்லை. திறவுகோலை நேராகக் கண்டுகொள்ளலாம். இதுவே 128 பிட் பூட்டாக இருந்திருந்தால், அதே வேகத்தில் அனைத்தையும் சோதிக்க ஆகும் ஆண்டுகளை எழுத இருபத்தைந்து இலக்கம் வேண்டும். நண்பர் தம் கணினியைப் புதுப்பிக்காமல் பழைய மென்பொருளையே வைத்துக்கொண்டிருந்தது நற்பேறாயிற்று. உரிமை இப்போது அவர் மக்களுடையதாதலின் அவர்கள் ஒப்புதலை எழுத்தில் பெற்றுக்கொண்டே இதனைச் செய்தோம். இரண்டாம் நாள் காலை கோப்பு திறந்தது.

திறந்ததே தவிரப் படிக்க முடியவில்லை. திரை முழுவதும் தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த உரோமன் எழுத்துகள்! தமிழ்க் கணிமையின் இளமைக்காலத்தை அறிந்தவர்க்கு இதன் காரணம் விளங்கும். ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றதாயினும், அது நடைமுறைக்கு வரப் பல்லாண்டு ஆயிற்று. அதுவரை ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பம்போல் ஓரிடத்தில் வைத்திருந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கி, டேப், டேம் என்னும் குறியேற்றங்கள், 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாடு — இவை எல்லாம் அக்குழப்பத்தோடு பொருதவையே. எழுத்துரு இருந்தால் தமிழ், தொலைந்தால் மறைமொழி. நண்பரோ எழுத்துருவைக் கோப்பினுள் பொதியவில்லை. அவர் பயன்படுத்தியது பொதுக் குறியேற்றம் எதனோடும் ஒத்துவரவுமில்லை.

இங்கேதான் இலக்கணம் கைகொடுத்தது. மருமகன் கணினியை இயக்க, யான் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தேன். புள்ளி பெற்ற மெய் சொல்லுக்கு முதலில் வாராது. ஆகவே மிகுதியாக வந்தும் சொல்முதலில் ஒருபோதும் வாராத குறிகளைத் தனியே பிரித்தோம். ங் என்னும் மெய்யின் பின், தன்னை ஒழித்தால், ககரமே வரும். க், ச், த், ப் நான்கும் தம்மொடு தாமே மயங்கும். ரகர ழகரங்கள் தம்மொடு தாம் மயங்கா. பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறக்கும் மெய்ம்மயக்க விதிகள் ஒவ்வொன்றும் ஒரு திறவுகோலாகப் பயன்பட்டன. ஊர்ப்பெயர் பின்னும் உதவியது. பக்கந்தோறும் திரும்பத் திரும்ப வந்த இரு சொல் ‘சுங்கை சிப்புட்’ஆக இருக்க வேண்டுமென்று ஊகித்தோம். தமிழ்ச் சொல் டகர மெய்யில் முடியாது. எனவே ஈற்றில் வல்லின மெய் நின்ற அச்சொல் மலாய்ப் பெயர் என்பது தானே தெரிந்தது. அதிலிருந்து ஐந்தாறு எழுத்து ஒருசேரக் கிடைத்தன. ஓரிடத்தில் மட்டும் விதி எங்களை ஏமாற்றியது. ககர மெய்யின் பின் தகரம் வந்து நின்றதைக் கண்டு, அதுவரை கண்டதெல்லாம் பிழையோ என்று அரைநாள் மயங்கினோம். அது ஒரு தோட்டத்துக் கோயிலின் பெயர். ‘சக்தி’ என்னும் சொல் அது. தொல்காப்பியர் மேல் பிழையில்லை.

ஒரு வாரத்தில் முழு நூலும் ஒருங்குறிக்கு மாறியது. எண்களைக் குறித்த பக்கங்களில் இரண்டு எழுத்துரு கலந்திருந்தமையால், சில பள்ளிகளின் தொடக்க ஆண்டுகளில் ஐயம் இருக்கிறது. அவற்றைப் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டு வருகிறோம். மகள் அதனைப் பூட்டின்றி, தந்தையார் பெயரை முதற்பக்கத்தில் இட்டு, ஐந்தாறு இடங்களில் படிகளாக வைத்திருக்கிறார். நாங்கள் கண்டது திறவுகோலை மட்டுமே ஆதலால், அவர் தம் நூலுக்குக் கடவுச்சொல்லாக வைத்த சொல் எதுவென்று எங்களுக்கு இன்னும் தெரியாது. மகள் அதைப் பற்றி இரண்டு முறை கேட்டார்.